சிகாமணிக்கு நான் போட்ட தண்டனை

வாங்கம்மா, உள்ள வாங்க. தலையக் குனிஞ்சு வாங்க, நிலைக்கு மேல ஸ்டேஷன் போர்டு தொங்குது. கரண்ட் கணக்கெடுக்க வந்த பையன் போன தடவை நெத்தியில இடிச்சிக்கிட்டான். அந்த நாற்காலி வேண்டாம், அது வெயிட்டிங் ரூம் நாற்காலி, கால் ஆடும். இங்கன கட்டில்ல இருங்க.

காலேஜ்ல இருந்து வாரேன்னு போன்லயே சொன்னிய. இந்த ரயில் சாமான் எல்லாத்தையும் உங்க காலேஜுக்குக் கேக்க வந்திருக்கிய. தருவேனா மாட்டேனாங்கிறதப் பெறவு சொல்லுதேன். முதல்ல இதெல்லாம் என் வீட்டுக்கு எப்படி வந்துன்னு கேளுங்க. ஊருக்குள்ள விசாரிச்சியன்னா வேற மாதிரி சொல்லுவாங்க. எமரால்டு டீச்சர் பெரிய மனசுக்காரின்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. நான் செஞ்சதுக்குப் பேரு பழிவாங்குறது. இன்னும் முடியல.

எங்க வீட்டுக்காரவிய பேரு அருமைநாயகம். மீட்டர்கேஜ் லைன்ல ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தாவ. அகலப் பாதை வந்தப்ப சின்னச் சின்ன ஸ்டேஷனை எல்லாம் இடிச்சாங்கல்லா, இடிக்கிறவுக பின்னாலயே இவிய போனாவ. பழைய இரும்பு ஏலம் எங்க நடந்தாலும் அங்க நிப்பாவ. மணியா அடிச்ச தண்டவாளத் துண்டு, டிக்கெட்ல தேதி குத்துற மிஷின், டிரைவருக்குத் தூக்கிக் குடுக்கிற டோக்கன் வளையம், எல்லாம் வீட்டுக்கு வந்து சேரும். அன்னா மூலையில செவப்பா பெட்டி மாதிரி நிக்குல்லா, அதுதான் டோக்கன் மிஷின். அடுத்த ஸ்டேஷன்ல இருந்து சம்மதம் வந்தாத்தான் அதுக்குள்ள இருந்து டோக்கன் உருண்டை விழும். உருண்டை டிரைவர் கையில இருந்தாத்தான் வண்டி நகரும். அதத் தூக்கிட்டு வர ஆறு ஆளு வேண்டியிருந்துச்சு. அது வந்தப்ப நான் ரெண்டு நாள் சோறு பொங்கல. "சவத்தத் தூக்கி வெளிய போடுங்க, இல்லன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்"னு சொன்னேன். அது புருஷன் பொண்டாட்டிக்குள்ள உள்ள பேச்சு. அத விடுங்க.

இப்ப அந்தச் சிகாமணிக்கு வாரேன்.

ஞானசிகாமணி. ரயில்வே கணக்கு ஆபீஸ்ல பெரிய அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவரு. வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாது. சபையில கமிட்டி, ரயில்வே காலனியில சங்கம், எங்க பாத்தாலும் தலைவரு. மைக்கைக் கண்டா விடமாட்டாரு. அவருதான் இவியகிட்ட வந்து, "அருமை, இத வீட்டுக்குள்ள வச்சு என்ன செய்ய? காலனி இன்ஸ்டிட்யூட் ஹால் சும்மா கெடக்கு, ஒரு மியூசியம் வைப்போம்"னாரு. நான் சந்தோசப்பட்டேன். வீடு காலியாவுதுல்லா.

தெறப்பு விழா அன்னைக்குப் பேசினாரு பாருங்க. "இது நான் கண்ட கனவு"ன்னாரு. நான், நான்னு எத்தனை நான்! ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவ நான், பேச்சுப் போட்டிக்கு மார்க் போட்டவ. எங்க வீட்டுக்காரவிய பேரு ஒரு தடவை வந்துச்சு. அதுவும் நாற்காலி போட்டவுகளுக்கு நன்றி சொன்ன எடத்துல. கல்வெட்டுல அவரு பேரு மட்டும். நான் வீட்டுக்கு வந்து குதிச்சேன். இவிய சிரிச்சாவ. "போகட்டும் எமரால்டு, கல்லுல பேரு இருந்தா என்ன, சாமானுக்குக் கூரை கெடச்சிச்சுல்லா"ன்னாவ. அவிய மறந்துட்டாவ. நான் மறக்கல.

நல்லாத்தான் நடந்துச்சு. காலனியில உள்ளவுக அவுகவுக வீட்டுச் சாமானையும் கொண்டாந்து குடுத்தாங்க. கேட் கீப்பர் மாடசாமி சம்சாரம் அவன் ஊதுன கொம்பைக் குடுத்துச்சு. கேன்டீன் நடத்துன உமர் பாய் வீட்டுல இருந்து ரயில் முத்திரை போட்ட பீங்கான் கோப்பை வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் கீழ யாரு குடுத்ததுன்னு இவிய தன் கையாலயே பேரு எழுதி வச்சாவ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வரும். இவிய மிஷினைத் தட்டி மணியடிச்சிக் காட்டுவாவ.

பெறவு அவியளும் போயிட்டாவ. நெஞ்சு வலின்னாவ, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்டு. அடக்கத்துல சிகாமணி ஜெபம் பண்ணினாரு. அதுவும் நீளமா.

அவிய செத்த நாளுக்கு வருசா வருசம் மியூசியத்துல உள்ள அவிய படத்துக்கு ஒரு மாலை போடுவேன். அப்படி ஒரு வருசம் மாலையோட போறேன், கேட்ல பூட்டு. தகரத்துல எழுதித் தொங்குது, "நிரந்தரமாக மூடப்பட்டது". கீழ "தலைவர்"னு போட்டிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. மாலையைக் கையில வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கேன். தள்ளுவண்டிக்காரன் சொல்லுதான், "தெரியாதா டீச்சர்? சாமானையெல்லாம் குற்றாலம் பக்கத்துல ஏதோ ரிசார்ட்டுக்குக் குடுக்காகளாம்"னு. தள்ளுவண்டிக்காரனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல.

நேரா அவரு வீட்டுக்குப் போனேன். மனுசன் முன் ரூம்ல பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு. பொண்டாட்டி இல்ல, போய்ச் சேந்துட்டா. மகன் வெளிநாட்டுல.

"டீச்சர், உக்காருங்க"ன்னாரு.

"உக்கார வரல. யாரைக் கேட்டுப் பூட்டினிய?"

"கூரைத் தகடு விழுந்திட்டு டீச்சர். கட்டடமே நிக்காதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நானும் ஒரு வருசமா அலையாத எடமில்ல. யாரும் எடம் தரமாட்டேங்காங்க. இந்த ஒருத்தன்தான் மொத்தத்தையும் எடுத்துக்கிடுதேன், கண்ணாடிப் பெட்டியில வைக்கேன்னு சொல்லுதான். மழைக்கு முன்ன மாத்தியாகணும்."

"எங்க வீட்டுக்காரவிய சாமானைக் குடிச்சிட்டு ஆடுறவன் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"ரிசார்ட்னாலும் கூரை இருக்குல்லா டீச்சர்."

"எனக்கு ஏன் சொல்லல?"

தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. "உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல"ன்னாரு.

கேட்டியளா! மைக்கைக் குடுத்தா அரை நாள் பேசுத மனுசனுக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலயாம். மாலையை அவரு வாசல் கேட்லயே மாட்டிட்டு வந்துட்டேன். செத்தவனுக்குப் போடுத மாலை. அது தெரிஞ்சுதான் மாட்டினேன்.

பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை தப்பு செஞ்சா நான் அப்பவே அடிக்க மாட்டேன். யோசிப்பேன். எது செஞ்சா அது மனசுல தங்கும்னு யோசிப்பேன். அப்படித்தான் யோசிச்சேன். அந்தச் சாமான் சிகாமணியோடதும் இல்ல, சங்கத்தோடதும் இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுல இருந்து வந்தது. குடுத்தவுக திருப்பிக் கேட்டா? இந்தக் காலனியில பாதிப் பேரு என்கிட்டப் படிச்சவுக. வீடு வீடாப் போனேன். "உங்க அப்பா ஊதுன கொம்பை விக்கப் போறாங்க, தெரியுமால?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல.

ரிசார்ட்காரன் லாரி வார அன்னைக்குச் சிகாமணி ஒரு சின்ன விழாவே வச்சிருந்தாரு. பேப்பர்காரனை வேற கூப்பிட்டிருந்தாரு. ரிசார்ட்டுல இருந்து ஒரு மேனேஜர், கழுத்துல டை. சிகாமணி மைக்கைப் பிடிச்சு, "வரலாறு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு..."ன்னு ஆரம்பிச்சாரு. அப்ப நாங்க உள்ள நுழைஞ்சோம்.

மாடசாமி சம்சாரம்தான் முதல்ல போனா. யாரையும் பாக்கல. கொம்பை எடுத்தா, முந்தானையில சுத்துனா, வெளிய வந்துட்டா. பின்னால உமர் பாய் பேரன் கோப்பைகளை எடுத்தான். ஒருத்தர் போர்டைத் தோள்ல தூக்கினாரு. ஒருத்தி லாந்தர் எடுத்தா. ஆளாளுக்கு எடுத்துக்கிட்டு வரிசையா நடந்து வாராங்க. எங்க வீட்டுக்காரவிய மிஷினை என் பழைய மாணவங்க ஆறு பேரு தூக்கினாங்க. மேனேஜர் "சார், என்ன சார் இது, சார்"னு சிகாமணியவே சுத்தி வாரான். அவரு கையில மைக்கு. பேச்சு இல்ல. நான் அவரு முன்னால போய் நின்னேன். "பேசுங்க, கேக்கோம்"னேன். பேப்பர்காரன் போட்டோ எடுத்தான். மறுநாள் பேப்பர்ல பாத்தா, காலி ஹாலு, நடுவுல இவரு, பின்னால சுவத்துல இவரு பேரு போட்ட கல்வெட்டு. அந்தப் பேப்பரை இன்னும் வச்சிருக்கேன். வேணும்னா காட்டுதேன்.

வேண்டாமா? சரி.

எடுத்தவுக யாருக்கும் வீட்டுல வைக்க எடமில்ல. காலனி வீடு எவ்வளவு பெரிசு இருக்கும்? "டீச்சர், நீங்களே வச்சுக்கிடுங்க, உங்க வீடு பெரிசுல்லா"ன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லாம் இங்க வந்து இறங்கிட்டு. அந்த ஐப்பசி மழையில இன்ஸ்டிட்யூட் கூரை மொத்தமா உக்காந்துட்டு. சாமான் அங்கன இருந்திருந்தா நொறுங்கியிருக்கும். அதுக்காகத்தான் சிகாமணி சார் அவசரப்பட்டாருன்னு சில பேரு பேசினாங்க. மழை பெய்யுங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான், அதுல என்ன பெருமை?

பெறவு அவரு வெளிய வாரதில்ல. சபையில பின் பெஞ்சில வந்து உக்காந்திட்டு, கடைசிப் பாட்டுக்கு முன்னயே எந்திரிச்சிப் போயிருவாரு. கமிட்டியையும் விட்டுட்டாரு. எனக்குக் குளுந்துச்சும்மா. பொய் சொல்லல, நல்லாக் குளுந்துச்சு.

ஆனா அது போதல. ஏன்னா என்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. அவரோட அப்பா விளக்கு.

அவரு அப்பா ரயில்ல கார்டா இருந்தவரு. ஒரு புயல் மழையில வண்டி நடுக்காட்டுல நின்னுட்டு. டோக்கன் மிஷின் வராத காலம் அது, பின்னால இன்னொரு வண்டி வருது. மனுசன் கை விளக்கை எடுத்துக்கிட்டு தண்டவாளத்து மேலயே பின்னால நடந்திருக்காரு, இடுப்பளவு தண்ணியில. செவப்பைக் காட்டி வண்டிய நிப்பாட்டிட்டாரு. அந்தக் குளிர்ல சளி கட்டி, ஒரு வாரத்துல செத்துப் போனாரு. சிகாமணி அப்ப சின்னப் பிள்ளை. அந்த விளக்கை அவருதான் மியூசியத்துக்குக் குடுத்திருந்தாரு. அன்னைக்கு எல்லாரும் எடுக்கும்போது, அத நான் எடுத்தேன். எங்க வீட்டுக்காரவிய பேரைக் கல்வெட்டுல இல்லாம செஞ்சாருல்லா? நான் விளக்கை இல்லாம செஞ்சேன்.

கேட்டு வந்தாரு. வாசப்படி ஏறல, கீழயே நின்னாரு.

"டீச்சர், மத்தது எதுவும் வேண்டாம். அப்பா விளக்கை மட்டும் தாங்க."

"எந்த விளக்கு?"ன்னேன்.

"கார்டு விளக்கு."

"இங்க நெறைய கார்டு விளக்கு கெடக்கு. எது உங்களுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திரும்பிப் போயிட்டாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்த விளக்கைக் கொண்டு போய்ப் பின்னால கோழிக்கூட்டுல மாட்டினேன். அவரு கடைக்குப் போற வழி நம்ம பின் சுவரு பக்கந்தான். பாத்துக்கிட்டே போகணும்னு மாட்டினேன். பாத்தாரு. தெனமும் பாத்தாரு. கோழி அது மேல ஏறி உக்காரும். சுவரு பக்கத்துல வந்ததும் அவரு நடை கொஞ்சம் நிக்கும். பெறவு போகும். நான் அடுப்படி ஜன்னல்ல நின்னு பாப்பேன்.

என்ன அப்படிப் பாக்கிய? அவரு செஞ்சது மட்டும் சரியா?

அப்படியே மறு வருசம் ஆடி, ஆவணியெல்லாம் போச்சு. அறுப்பின் பண்டிகை வந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா? சபையில எல்லாரும் வெளைஞ்சதக் கொண்டாந்து படைப்பாங்க. வாழைத்தார், பூசணிக்கா, சேவல், எல்லாம். ஆராதனை முடிஞ்சதும் பந்தல்ல வச்சு ஏலம் போடுவாங்க. ஏலம்னா ஊரே நிக்கும். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. விளக்கை ஏலத்துக்குக் குடுத்திருவோம். தன் அப்பா விளக்கை அவரு ஊரு முன்னால கையத் தூக்கிக் கேட்டு வாங்கட்டும். எங்க அண்ணன் மகன் தங்கராஜைச் சொல்லி வச்சேன், "அவரு கேக்கக் கேக்க நீ விலையை ஏத்துல. விட்டிராத"ன்னு.

விளக்கைக் கழுவக்கூட இல்ல. கோழி எச்சத்தோட அப்படியே கொண்டு போனேன்.

பூசணிக்கா போச்சு, சேவல் போச்சு. எங்க சபைப் போதகர் ஐயரு விளக்கைத் தூக்கினாரு. "எமரால்டு டீச்சர் காணிக்கை, கார்டு விளக்கு. யார் கேட்கிறீங்க?"ன்னாரு. நான் பின்னால திரும்பிப் பாத்தேன். சிகாமணி எந்திரிச்சாரு. கையத் தூக்கினாரு. வாயத் தெறந்தாரு, தொகை சொல்லல. "எங்க அப்பா"ன்னாரு. அதுக்கு மேல வரல. வெள்ளைச் சட்டை போட்ட அந்த மனுசன், அவ்வளவு பேரு முன்னால, பிள்ளை மாதிரி அழுதாரு.

நான் தங்கராஜைப் பாத்தேன். மடப்பய, அவனும் கண்ணைத் தொடைச்சிக்கிட்டு நிக்கான்.

யாரும் கேக்கல. ஒரு பயலும் கேக்கல. ஐயரு இறங்கி வந்து விளக்கை அவரு கையில குடுத்தாரு. அவரு அதத் தன் வெள்ளைச் சட்டையிலயே தொடைச்சாரு, எச்சத்தை எல்லாம். தொடைச்சிட்டு நேரா என்கிட்ட வாராரு. வையப் போறாருன்னு நினைச்சேன். நானும் நாலு வார்த்தை தயாரா வச்சிருந்தேன். வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டாரு.

"டீச்சர், சபை முன்னால கொண்டாந்து குடுத்துட்டியளே. எங்க அப்பாவுக்கு இப்படி ஒரு மரியாத யாரும் செஞ்சதில்ல"ன்னாரு.

மரியாதயாம்! நான் அவரை நாறடிக்கக் கொண்டு போனேன். அவருக்கு அது தெரியவே இல்லம்மா. சுத்தி நிக்குத பொம்பளையெல்லாம் என்னைக் கட்டிப் பிடிக்காளுவ. ஐயரு அடுத்த வாரம் பிரசங்கத்துல என்னைச் சொல்லுதாரு, மன்னிப்புக்கு உதாரணமா. நான் பெஞ்சில உக்காந்து பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சி "இல்லய்யா, நான் மன்னிக்கல"ன்னா சொல்ல முடியும்?

பழிவாங்கப் போய் அது இப்படித் திரும்புனா யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

அடுத்த திங்கக்கெழமை காலையில கதவைத் தட்டுறாரு. ஒரு கையில பழைய துணி, மண்ணெண்ணெய் பாட்டிலு. இன்னொரு கையில அந்த விளக்கு.

"என்ன?"ன்னேன்.

"இது மத்ததோட இருக்கணும் டீச்சர். அருமை எங்க வைக்கச் சொல்லுவானோ அங்க வைங்க"ன்னாரு. "பித்தளையெல்லாம் களிம்பு பிடிச்சிருக்குமே, தொடைச்சிட்டுப் போகட்டுமா?"

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, கர்த்தர் இந்த ஆளை என் கையில ஒப்புக்குடுத்திருக்காருன்னு. "தொடைங்க"ன்னேன். "நல்லாத் தொடைங்க, எனக்கு மொகம் தெரியணும்."

அன்னைக்கு ஆரம்பிச்சது. தெனம் வாராரு. பெரிய அதிகாரியா இருந்தவரு, இப்பத் தரையில உக்காந்து துரு சொரண்டுதாரு. போர்டுல எழுத்து மங்கினா, நின்னுக்கிட்டே பெயின்ட் அடிக்கணும். எழுத்து ஒண்ணு கோணினாலும் அழிச்சி மறுபடி எழுதச் சொல்லுவேன். பிள்ளைய பாக்க வந்தா டோக்கன் மிஷினைப் பத்தி அவருதான் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் "இதைச் சேர்த்தவர் திரு. அருமைநாயகம்"னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும். அது என் கண்டிசன். நான் பக்கத்துல நின்னு கேப்பேன். இது வரைக்கும் ஒரு தடவை கூட அவரு மறக்கல. மறந்தா அன்னைக்கு இருக்கு.

பின்னால சரக் சரக்குன்னு கேக்குல்லா? அவருதான். ஸ்டேஷன்ல மூட்டை தள்ளுன வண்டிச் சக்கரத்துல உப்புத்தாள் போடுதாரு. காலையில இருந்து போடுதாரு. மத்தியானச் சாப்பாடு இங்கதான். சும்மா வயித்தோட வேலை வாங்குனா பாவம் நமக்குல்லா. சர்க்கரை இருக்கு அவருக்கு, அதனால அரிசியக் கொறச்சி, கீரை நெறைய வைக்கேன். கீரை அவருக்குப் பிடிக்காது. அதனாலயே வைக்கேன். தூசி ஒத்துக்காம இருமினாரு, நான்தான் மூக்குக்குத் துணி தச்சிக் குடுத்தேன். சீக்கிரம் செத்துட்டா தண்டனைய யாரு அனுபவிக்க? போன மாசம் மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டானாம். "அங்க போனா இந்தப் போர்டையெல்லாம் யாரு எழுத?"ன்னு கேட்டேன். போகல. டிக்கெட்டைத் திருப்பிட்டாராம். பாத்துக்கிடுங்க, அந்த அளவுக்குப் பிடிச்சி வச்சிருக்கேன்.

சாயங்காலம் வேலை முடிஞ்சதும் ரெண்டு பேரும் முன்னால உக்காந்து காப்பி குடிப்போம். அவரு பழைய வண்டி டைம் எல்லாம் சொல்லுவாரு. நான் திருத்துவேன். பாதி தப்பாத்தான் சொல்லுவாரு.

நீங்க சொல்லுதது எனக்குப் புரியுதும்மா. கறையான் வந்துட்டு, தெக்குச் சுவரு ஓதமடிக்குது, மரச்சாமான் தாங்காது. உங்க காலேஜ்ல ஏசி ரூம் இருக்கு, படிச்சவுக இருக்காங்க, வாசல்ல எங்க வீட்டுக்காரவிய பேரையே எழுதுதேன்னு வேற சொல்லுதிய. நல்ல எடம். எங்க வீட்டுக்காரவிய இருந்தா இன்னைக்கே ஏத்தி விட்டிருப்பாவ. நானும் தாரேன். எழுதி வேணும்னாலும் எழுதித் தாரேன்.

ஆனா இப்ப இல்ல.

இப்ப நீங்க இதெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டியன்னா, நாளைக்குக் காலையில அந்த ஆளு எங்க வருவாரு? நல்லாத் தப்பிச்சிருவாருல்லா! மகன்கிட்டப் போயிருவாரு, இல்லன்னா மறுபடி எங்கயாவது கமிட்டியில போய் மைக்கைப் பிடிச்சிருவாரு. அதுக்கு நான் விடமாட்டேன். அவரு காலம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே லாரியக் கொண்டு வாங்க. ஒரு ஆணி விடாம எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்.

அதுக்குப் பெறவு இதையெல்லாம் வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்?